இரவு 11 மணிக்கு ஒரு ‘மிஸ்...’

கேள்வி:

திருப்பூரில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருக்கிறேன். வகுப்பில் 26 பிள்ளைகள். நானும் ஒரு ஆயாம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். ஜூனில் கரஸ்பாண்டன்ட் சார் சொல்லி, என் சொந்த நம்பரிலேயே பெற்றோருக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். இப்போது போனைத் தொடவே பயமாக இருக்கிறது. ராத்திரி பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் "மிஸ், பாப்பா இன்னிக்குச் சாப்பிட்டாளுங்களா?" என்று வரும். பதில் போடாவிட்டால், "புளூ டிக் வந்துருச்சு, மிஸ் பார்த்துட்டாங்க" என்று குரூப்பிலேயே பேச்சு. போன வாரம் ஒரு பையன் இன்னொருவனைக் கடித்துவிட்டான். கடிபட்டவனின் அம்மா அந்தத் தழும்பைப் போட்டோ எடுத்து ராத்திரி குரூப்பில் போட்டுவிட்டார். விடிவதற்குள் பெரிய சண்டையாகிவிட்டது. இன்னொரு அம்மா தன் குடும்பப் பிரச்சினையை எல்லாம் தினமும் வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறார். ஒரு குழந்தையின் அப்பா தினமும் குட் மார்னிங் போடுகிறார், நான் ஸ்டேட்டஸ் வைத்தால் அதற்கும் ஏதாவது எழுதுகிறார். என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சாரிடம் சொன்னால், "பேரன்ட்ஸை அனுசரிச்சுப் போம்மா, பக்கத்துத் தெருவுலயே இன்னொரு ஸ்கூல் வந்துருச்சு" என்கிறார். இதில் என் எதிர்வீட்டு அக்காவின் மகளும் என் வகுப்புதான். நம்பரை மாற்றிவிடலாமா, வேலையையே விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

– ஒரு மிஸ், திருப்பூர்

பதில்:

நம்பரை மாற்ற வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். எதைச் செய்தாலும் அடுத்த ஜூனில் இதே குரூப் வேறு பெயரில் உங்கள் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நர்சரி மிஸ்கள் பலர் என்னிடம் சொல்லும் குறைதான் இது. மற்றவர்கள் சொல்லத் தயங்கும் அந்தக் குட் மார்னிங் அப்பாவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தனியாக வருகிறேன்.

முதலில் அந்த ராத்திரிக் கேள்வி. அதை அத்துமீறல் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் பள்ளியில் நடந்ததை எல்லாம் கொட்டிவிடும். எல்.கே.ஜி. பிள்ளையிடம் "மத்தியானம் என்ன சாமி சாப்பிட்டே?" என்றால், "மிஸ் வீட்ல யானை இருக்கு" என்று சொல்லும். டிபன் பாக்ஸ் காலியாக வந்தாலும், தின்றதா, கொட்டியதா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்ததா என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. உங்கள் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மா காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். பிள்ளையைக் கூட்டி வருவது பாட்டியோ வேன்காரரோ. வீடு வந்து, சமைத்து, ஊட்டிவிட்டு, ஸ்கூல் பையைத் திறக்கும்போது மணி பத்து. அவருக்குச் சாயங்காலமே அப்போதுதான் தொடங்குகிறது. உங்கள் முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது அட்மிஷன் அன்றைக்காக இருக்கும்.

கேள்வி நியாயமானதுதான், வருகிற நேரமும் இடமும்தான் சரியில்லை. "இரவில் மெசேஜ் அனுப்பாதீர்கள்" என்று மொட்டையாக ஒரு சர்க்குலர் விட்டால் அந்தக் கேள்வி அடங்காது. அம்மாக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் இன்னொரு குரூப்புக்குப் போய் அங்கே புகாராக மாறும். (அப்படி ஒன்று உங்கள் வகுப்புக்கும் இருக்கும். உங்களைச் சேர்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.) அவர்கள் கேட்பதற்கு முன்னால் பதில் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உங்கள் தொல்லையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் போன்கூட வேண்டாம். ஒரு ஏ4 தாளில் எட்டுச் சீட்டு வருகிற மாதிரி அச்சடித்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு முழுவதுமா, பாதியா, தொடவில்லையா; தூங்கியதா; பாத்ரூம் போனதா; அழுததா. எல்லாம் டிக் அடிக்கிற விஷயம்தான். சாப்பாட்டு நேரத்தில் ஆயாம்மாவே அடித்துவிடலாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சீட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். அதை நீங்கள் எழுதுங்கள், ஆனால் 26 பேருக்கும் தினமும் எழுத உட்காராதீர்கள், மூன்றாம் நாளே நின்றுபோகும். நாளைக்கு ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முறை வந்துவிடும். "இன்று கத்தரிக்கோலைத் தானே பிடித்து வெட்டினாள்" என்று ஒரு வரி எழுதினால், அந்த அம்மா ராத்திரி பத்து மணிக்குப் பையைத் திறக்கும்போது தேடுகிற பதில் அங்கேயே இருக்கும்.

இடையில் ஒன்று. 26 பிள்ளைக்கு ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா என்பதே அதிகம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு வகுத்த நெறிமுறையில் 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. உங்கள் களைப்பு முழுவதும் வாட்ஸ்அப்பால் வந்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது நம்பர். குரூப்பை உங்கள் சொந்த எண்ணிலிருந்து பிரிக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பள்ளி ஒரு சிம் வாங்கி, அதில் இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸைப் போட வேண்டும். அந்தப் போன் ஆபீஸில் இருக்கட்டும். அதே கணக்கை நான்கு கருவிகளில் இணைக்க முடியும் என்பதால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். பள்ளி நேரம் முடிந்தபின் வரும் மெசேஜுக்குத் தானாகவே பதில் போகும் வசதி அதில் உண்டு. என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. பள்ளி நாட்களில் மதியம் 3.30 முதல் 4.30 வரை பதில் தருகிறோம். அவசரம் என்றால் தயவுசெய்து அழையுங்கள்." கீழே அழைக்க வேண்டிய எண். அவ்வளவு போதும். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சேர்க்காதீர்கள். வேலை நேரத்தைச் சொல்வதற்கு மன்னிப்பு எதற்கு?

இப்போது இருக்கும் குரூப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் கலைக்க வேண்டாம், கோபித்துக்கொண்டதாக அர்த்தம் வரும். முதலில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றுங்கள். புது எண்ணை அறிவியுங்கள். ஒரு வாரம் கழித்து மூடுங்கள். புதிதாகத் தொடங்குவதை வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். சாதாரண குரூப்பில் 26 வீட்டின் நம்பரும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அறிவிப்புக் குழுவில் பெற்றோரின் நம்பர் மற்ற பெற்றோருக்குத் தெரியாது. புளூ டிக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தனிப்பட்ட உரையாடலில் அதை அணைத்துவிடலாம், குரூப்பில் முடியாது. குரூப் உங்கள் எண்ணில் இருக்கும்வரை அந்த வம்பும் கூடவே இருக்கும்.

இதிலே உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நேரத்தை அறிவித்துவிட்டு ஒரு நாள் ராத்திரி 10.50-க்கு யாருக்கோ மனசு கேட்காமல் பதில் போட்டீர்கள் என்றால், காலையில் அது வகுப்பு முழுவதும் தெரிந்திருக்கும். "அவங்களுக்கு மட்டும் ரிப்ளை பண்றாங்க" என்ற பேச்சு, பதிலே போடாததைவிட மோசம். கை துறுதுறு என்றால் பதிலை நோட்ஸில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் பள்ளிக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம்.

பெற்றோருக்குச் சொல்லும்போது "எனக்குத் தொந்தரவாக இருக்கிறது" என்று ஆரம்பிப்பதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரவே கூடாத செய்திகள் உண்டு. காலை பத்து மணிக்கு ஓர் அம்மா, "மிஸ், பதினொரு மணிக்கு சிரப் குடுத்துருங்க, பையில வெச்சிருக்கேன்" என்று அனுப்புகிறார். நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்கள், போன் பையில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 26 பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனைப் பார்க்கும் மிஸ்ஸை எந்த அம்மாவும் விரும்ப மாட்டார். மருந்து நேரம் தவறுகிறது, சாயங்காலம் "மெசேஜ் போட்டேனே" என்று வருகிறார். இன்னொன்று இதைவிட ஆபத்து: "இன்னிக்கு என் தம்பி வந்து கூட்டிட்டுப் போவான்." அந்த மெசேஜை அனுப்பியது அம்மாதான் என்று எப்படித் தெரியும்? போன் யார் கையிலும் இருக்கலாம். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இது வெறும் சந்தேகம் மட்டும் இல்லை. மருந்து என்றால் பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அளவும் நேரமும் குறித்து, காலையில் நேரில் கொடுக்க வேண்டும். ஆள் மாறினால் ஆபீஸுக்குப் போன் செய்ய வேண்டும், பள்ளி தன்னிடம் பதிவான எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதிசெய்ய வேண்டும், வருகிறவர் பெயர் அட்மிஷன் படிவத்தில் இருக்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த அம்மாவும் முகம் சுளிக்க மாட்டார். ராத்திரி மெசேஜ் கட்டுப்பாடும் அதே மூச்சில் ஏற்றுக்கொள்ளப்படும்.

கடித்த விஷயம். மூன்று, மூன்றரை வயதில் பிள்ளைகள் கடிப்பது அதிசயம் இல்லை. கோபத்தைச் சொல்ல வார்த்தை போதாமல், பொம்மையைப் பிடுங்கிய ஆத்திரத்தில், தூக்கக் கலக்கத்தில் கடிக்கும். பேச்சு வர வர குறைந்துவிடும். அம்மாக்களுக்கு இதை ஜூன் மாதமே சொல்லி வைக்க வேண்டும், கடி நடந்த அன்று சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். அந்த அம்மா தழும்பை எப்போது பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி குளிக்க வைக்கும்போது. நீங்கள் வாசலில் பாட்டியிடம் சொல்லியிருக்கலாம், பாட்டி மறந்திருக்கலாம். ஆனால் குழந்தையின் உடம்பில் ஓர் அடையாளம் இருந்தால் பெற்றோர் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் பள்ளியின் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி ஒத்தி, தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லி, அன்றே, வீட்டுக்குப் போவதற்குள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன். மெசேஜ் போதாது. கம்பெனியில் இருந்தாலும் இதற்கு எடுப்பார்கள்.

கடித்த பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. "யார் கடிச்சது?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "அந்தக் குழந்தையின் வீட்டில் நாங்க பேசறோங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கடித்தவனின் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள், எழுத்தில் வேண்டாம். குரூப்பில் மறுபடி யாராவது போட்டோ போட்டால், அட்மின் அதை எல்லோருக்குமாக நீக்க முடியும். உடனே நீக்கிவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இது இரண்டு குழந்தைகள் சம்பந்தப்பட்டது, பெற்றோரிடம் நேரில் பேசுகிறோம்." யார் என்ன எழுதினாலும் அதன்பிறகு அங்கே விவாதம் செய்யாதீர்கள்.

நீங்கள் அனுப்பும் போட்டோக்களைப் பற்றி எழுதவில்லை, ஆனால் அனுப்புகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. வகுப்பு நடக்கும்போதே எடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள். பத்துப் பிள்ளை இருக்கும் படத்தை அனுப்பினால் பதினாறு வீட்டிலிருந்து "எங்க பையனைக் காணோமே" என்று கேள்வி வரும், அந்தக் கேள்வியை நாமே உண்டாக்குகிறோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்று வைத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அட்மிஷன் படிவத்திலேயே போட்டோவுக்குச் சம்மதமா என்று தனியாகக் கையெழுத்து வாங்கிவிடுவது பள்ளிக்கு நல்லது. வெள்ளிக்கிழமை பள்ளி எண்ணிலிருந்து, பிள்ளைகள் செய்த வேலையின் படம் போதும். களிமண் உருண்டையும் கிறுக்கலும் யாருடைய அந்தரங்கத்தையும் கெடுப்பதில்லை. உங்கள் சொந்த ஸ்டேட்டஸில் எந்தப் பிள்ளையின் முகமும் வர வேண்டாம், சம்மதம் இருந்தாலும்.

இனி அந்த அப்பா. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே ரோஜாப்பூவைத் தினமும் அனுப்பும் ஆட்கள் உண்டு, அவரும் அப்படி இருக்கலாம். ஆனால் நீங்கள் வைக்கும் ஸ்டேட்டஸுக்கு எழுதுகிறார் என்பது ரோஜாப்பூக் கணக்கில் சேராது. உங்களுக்கு உறுத்துகிறது என்றால் அதுவே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு பதில், ஒரே பதில்: "வணக்கம் சார். குழந்தை பற்றிய தகவல்களுக்குப் பள்ளி எண்ணைப் பயன்படுத்துங்கள். இந்த எண்ணில் இனி பதில் இருக்காது." ஸ்மைலி வேண்டாம். "தப்பா நினைச்சுக்காதீங்க" வேண்டாவே வேண்டாம். அனுப்பிய அன்றே தலைமை ஆசிரியையிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த அப்பா அனுப்பியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அழியுங்கள். ஸ்டேட்டஸ் யார் பார்க்கலாம் என்ற செட்டிங்கில் பெற்றோர் எல்லோரையும் விலக்கிவிடுங்கள், அவரை மட்டும் விலக்கினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். அதன்பிறகும் தொடர்ந்தால் பிளாக் செய்யுங்கள், பள்ளி அவரைக் கூப்பிட்டுப் பேசட்டும். அதற்கும் அடங்காவிட்டால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். ஆனால் அவர் நேரில் போய்ப் பேச வேண்டாம். இது வேலையிடத்தில் வந்த பிரச்சினை, பேச வேண்டியது பள்ளி. அந்தக் குழந்தையிடம் மட்டும் இதன் சாயல்கூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நீங்கள் சொல்லாமலே செய்வீர்கள்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் அம்மாவை இப்படி வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அவருக்குப் பேச வேறு ஆள் இல்லை. "அக்கா, நைட்ல என்னால கேட்க முடியலைங்க. சனிக்கிழமை ஸ்கூலுக்கு வாங்க, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். சனிக்கிழமை கேளுங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாளைக்குக் கணவன் மனைவி சேர்ந்துகொள்வார்கள், நீங்கள் சொன்னதுதான் மிஞ்சும். அடிக்கிறார் என்று சொன்னால் இதே 181-ஐக் கொடுங்கள்.

நேரக் கட்டுப்பாடு பொருந்தாத ஒன்று இருக்கிறது. ராத்திரி எந்நேரமானாலும் ஒரு பெற்றோர், "பாப்பா ஒரு மாதிரி சொல்றா, யாரோ தொட்டதா சொல்றா" என்று அனுப்பினால், அது காலை வரை காத்திருக்காது. மெசேஜிலேயே விசாரணை செய்யாதீர்கள். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுக்கவும் முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. உடனே தலைமைக்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

கரஸ்பாண்டன்ட் சாரைப் பற்றி. "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றால் அவர் அனுசரிக்கத்தான் சொல்வார். அவருக்குப் புரியும் கணக்கில் பேசுங்கள். ஒரு வாரம் வந்த மெசேஜ்களை நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். 26 வீட்டின் நம்பரும் உங்கள் போனில்தான் இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். நாளைக்கு ஒரு மிஸ் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்ந்தால் பெற்றோர் பட்டியலும் அவரோடு போகும். இதைக் கேட்டால் அன்று சாயங்காலமே புது சிம் வந்துவிடும் என்பது என் ஊகம். ஆள் மாற்றிக் கூட்டிப் போகும் மெசேஜ் பற்றியும் சொல்லுங்கள், அப்படி ஒரு தவறு நடந்தால் பேப்பரில் வருவது பள்ளியின் பெயர்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் தராமல் இருக்க ஊழியருக்குச் சட்டமே உரிமை தருகிறது, மறுப்பது நியாயமற்றதாக இருந்தால் தவிர. முதலாளியிடமிருந்து வருவதற்கு மட்டும் இல்லை, வேலை தொடர்பாக வெளியார் அனுப்புவதற்கும் அது பொருந்தும். இங்கே 2018-இல் மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டம் ஆகவில்லை. ஆகவே உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, சார் கையெழுத்துப் போட்ட ஒரு சர்க்குலர். அது உங்கள் பெயரில் போகக் கூடாது. எல்லா வகுப்புக்கும் பொதுவாக, பள்ளி லெட்டர்பேடில், காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் போகட்டும். அடுத்த ஜூன் வரை தள்ளாதீர்கள்.

எதிர்வீட்டு அக்காதான் இதில் சங்கடமான ஆள், அவரிடம் சர்க்குலர் செல்லாது. வாசலில் கோலம் போடும்போது கேட்பார், கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்த உரிமையில் கேட்பார். அவர் மகளைப் பற்றி ஒரு வரி சொல்வதில் தப்பில்லை. மற்ற பிள்ளைகளைப் பற்றி, முக்கியமாக அந்தக் கடி விஷயத்தைப் பற்றி, ஒரு சொல்கூட வேண்டாம். சீட்டு எல்லோருக்கும் போல அவர் மகளுக்கும் பையில்தான் போக வேண்டும். அவர் வீட்டு விசேஷத்துக்கு முன்பு போலவே போய் வாருங்கள். இன்னும் கொஞ்ச நாளில் மற்ற அம்மாக்கள் அவரைத் தூதாகப் பிடிப்பார்கள், "நீங்க மிஸ் வீட்டுக்கு எதிர்லதானே இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்க" என்று. அப்படி அவர் ஏதாவது கேட்டு வந்தால், "ஏனுங்க்கா, அவங்ககிட்ட ஆபீஸ் நம்பர் இல்லீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.